வேகாஸில் முதல் தடவை 1/3 மேசை: சீட்டு தெரியும், வேறென்ன தெரியணும்?

புதுக்கை | மார்ச் 4, இரவு 9.40
அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா லாஸ் வேகாஸ். சனிக்கிழமை முழுக்க சும்மா. போன்ல காசில்லாம ஹோல்டெம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு வைச்சு ஆடுற போக்கர்) ஆடிப் பழக்கம் இருக்கு. எந்தக் கை பெருசு, பொசிஷன் (யாருக்கு முன்னாடி, யாருக்குப் பின்னாடி ஆடுறோம்ங்கறது), பாட் ஆட்ஸ் (போடுற காசுக்கு நடுவுல இருக்கற காசு ஈடாகுமாங்கற கணக்கு) எல்லாம் தெரியும். கேசினோ மேசையில உட்கார இதுக்கு மேல என்ன வேணும்? அங்கயும் அதே 52 சீட்டுதானே.

ஆறாம் இருக்கை | மார்ச் 4, இரவு 10.25
சீட்டு அதேதான். ஆனா போன்ல உங்க முறை வந்தா பட்டன் ஒளிரும். குறைஞ்சது எவ்வளவு ரேஸ் பண்ணலாம்னு, அதாவது பந்தயத்தை ஏத்தலாம்னு, ஆப்பே சொல்லும். பாட்டை, அதாவது நடுவுல சேர்ந்த காசை, கூட்டி எழுதிவைக்கும். ஜெயிச்ச கையை அதுவே தேடி எடுத்துக் காசைத் தள்ளும். மேசையில இந்த நாலையும் நீங்க பார்த்துக்கணும். முதல் நாள் தேவையில்லாம போற காசு பெரும்பாலும் இந்த நாலுலதான் போகுது.

ஆறாம் இருக்கை | மார்ச் 4, இரவு 11.10
உள்ளே நுழையறதுல இருந்து சொல்றேன்.

நெவாடாவில் 21 வயசு ஆகியிருக்கணும். தலை நரைச்சிருந்தாலும் மெம்பர் கார்டு போட அடையாளம் கேட்பாங்க, பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். போக்கர் ரூம் வாசல்ல ஒரு டெஸ்க் இருக்கும். "1/3 நோ லிமிட்" (ஏத்துற தொகைக்கு வரம்பில்லாத ஆட்டம்) னு சொல்லிப் பேரைக் கொடுங்க. இடம் இல்லைன்னா லிஸ்ட்ல ஏத்தி, கூப்பிடும்போது உரக்கச் சொல்லுவாங்க. நம்ம ஊர்ப் பேரை முழுசா எழுத்துக்கூட்டிட்டு நிக்காதீங்க, திருநாவுக்கரசுக்கு "டி.கே." போதும். பல ரூம்ல எத்தனை மேசை ஓடுது, எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு பிராவோ ஆப்பில் கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்துக்கலாம்.

1/3 ன்னா ஒவ்வொரு கையிலயும் ரெண்டு பேர் வைக்கிற கட்டாயக் காசு: சின்ன பிளைண்ட் 1 டாலர், பெரிய பிளைண்ட் 3. உட்கார 100 முதல் 300 டாலர்னு பல ரூம்ல வைப்பாங்க, சில இடத்துல 500 வரை. 300 டாலருக்கு 55 சிவப்பு, 25 ஒரு டாலர் சிப் வாங்குங்க, சரியா 300. சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. இருபது இருபதா அடுக்கி, பெரிய மதிப்பு சிப்பை முன்னால வையுங்க. பின்னால ஒளிச்சு வைக்கிறது அங்க தப்பு, எதிராளிக்கு உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாகணும்.

ஜெயிச்சதுல பாதியை எடுத்துப் பாக்கெட்ல போடவும் முடியாது. எழுந்து போற வரைக்கும் மேசையில வந்த காசு மேசையிலதான். அதே மாதிரி கை நடக்கும்போது பர்ஸைத் திறந்து சேர்க்கவும் முடியாது. ஒரு கை முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்குள்ள வாங்கிக்கணும்.

புதுக்கை | மார்ச் 5, காலை 7.15
சரி, இது பேங்க் க்யூ மாதிரி. உட்கார்ந்துட்டேன். இப்ப எங்க தப்பு பண்ணுவேன்?

ஆறாம் இருக்கை | மார்ச் 5, காலை 8.30
சிப்பை வைக்கிறதுல. இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

முன்னால ஒருத்தர் 15 டாலர் பெட். நீங்க ரேஸ் பண்ணணும்னு நினைச்சு வாயைத் திறக்காம ஒரே ஒரு கறுப்பு சிப்பை வைக்கிறீங்க. அது ரேஸ் இல்ல, கால் (அவர் வைச்ச அதே தொகையைக் கொடுத்துக் கூட இருக்கறது). டீலர் 85 திருப்பித் தந்துட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். ஒத்தைச் சிப் எவ்வளவு பெருசா இருந்தாலும், "ரேஸ்" னு சொல்லலைன்னா கால்தான்.

அடுத்தது ஸ்ட்ரிங் பெட். 15-ஐ வைச்சுட்டு, கையைப் பின்னால கொண்டுபோய் இன்னும் 30 எடுத்து வைச்சா, முதல்ல வைச்சதுதான் கணக்கு. மறுபடியும் கால். சினிமால வர்ற "உன் பதினஞ்சுக்குச் சரி, அதுக்கு மேல முப்பது" வசனமும் இதே கதிதான். "கால்" ங்கற வார்த்தை வாயை விட்டு வந்ததோட உங்க முறை முடிஞ்சுது.

இதுக்கு வழி, வைக்க நினைச்ச சிப் அத்தனையும் ஒரே தள்ளுல முன்னால தள்ளுங்க.

செக்னா, அதாவது காசு வைக்காம முறையை அடுத்தவருக்கு விடறதுன்னா, விரலால மேசையைத் தட்டுறது. யோசிக்கும்போது விரல் தட்டுற பழக்கம் இருந்தா கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.

முன்னால ஒருத்தர் 10-க்கு ஏத்தியிருந்தா, நீங்க அதுக்கு மேல ஏத்த குறைஞ்சது 20 வைக்கணும்.

இஸ்பேட் ராணி | மார்ச் 5, காலை 10.05
20 அல்ல, 17. பெரிய பிளைண்ட் 3. அவர் 10-க்கு ஏற்றியபோது கூட்டியது 7. அடுத்தவர் குறைந்தபட்சம் அதே 7-ஐக் கூட்ட வேண்டும்: 10 + 7 = 17. 20 வைத்தாலும் செல்லும், ஆனால் அது குறைந்தபட்சம் அல்ல. ஃபிளாப் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) விழுந்த பிறகு ஒருவர் புதிதாக 10 பெட் வைத்தால்தான் அடுத்த ரேஸ் 20. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆல்-இன் வரும்போதும் இதே கணக்குதான். ஒருவர் 20 பெட் வைக்கிறார். அடுத்தவரிடம் இருப்பதே 28, மொத்தத்தையும் தள்ளுகிறார். முழு ரேஸுக்கு 40 வேண்டும், இது வெறும் 8 கூடுதல். இடையில் இன்னும் ஆடாதவர் விரும்பினால் ரேஸ் செய்யலாம். ஆனால் எல்லோரும் கால் செய்து முறை முதலில் பெட் வைத்தவரிடம் திரும்பினால், அவர் 8-ஐக் கொடுக்கலாம் அல்லது சீட்டை மடக்கி அந்தக் கையிலிருந்து விலகலாம். மறுபடி ரேஸ் செய்ய முடியாது.

ஆறாம் இருக்கை | மார்ச் 5, காலை 10.20
ஆமா, 17 தான். நான் ஃபிளாப்புக்கு அப்புறம் உள்ள கணக்கை எழுதிட்டேன். ராணி சொன்னதை எடுத்துக்குங்க.

"ஒரே தள்ளுல தள்ளுங்க" ன்னு சொன்னதையும் மாத்திக்கிறேன். புதுசா வர்றவருக்குக் கையைவிட வாய் பத்திரம். முதல்ல "ரேஸ்" னு சொல்லுங்க, அப்புறம் மொத்தத் தொகையைச் சொல்லுங்க, அப்புறம் நிதானமா எண்ணி வையுங்க. சொன்னபிறகு சிப்பை ரெண்டு தடவையா வைச்சாலும் யாரும் கேட்க முடியாது. "ரேஸ் டு ஃபார்ட்டி ஃபைவ்" னா மொத்தம் 45. "ஃபைவ்" னு மொட்டையா சொல்லாதீங்க, அஞ்சா ஐநூறான்னு தகராறு வந்தா சின்னதைத்தான் எடுத்துக்குவாங்க.

மூணுசீட்டு மாமா | மார்ச் 5, மதியம் 1.45
முக்கியமானதை விட்டுட்டீங்களே. தலை! நம்மாளு "சரி" ன்னு சொல்ல ஒரு மாதிரி பக்கவாட்டுல ஆட்டுவான் பாருங்க, அதை வெச்சு அந்த டீலர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்? கால்னும் எடுத்துக்கலாம், வேண்டாம்னும் எடுத்துக்கலாம். கழுத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வாயால சொல்லுங்க தம்பி.

அப்புறம், நீங்க போன்லதான் பழகினீங்க. கூட வர்ற சேக்காளி பொங்கலுக்குத் திண்ணையில மூணுசீட்டு ஆடினவனா இருந்தா அவனுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை. மூணுசீட்டுல வரிசை கலரை அடிக்கும். போக்கர்ல தலைகீழ், அஞ்சும் ஒரே சாதியா இருக்கற ஃபிளஷ்தான் வரிசையை அடிக்கும். அங்க ஏ-2-3 ரொம்ப ஒசந்த வரிசை. இங்க ஏ-2-3-4-5 இருக்கறதுலயே கடைசி வரிசை. ராணி-ராஜா-ஏஸ்-2-3 ன்னு வளைச்சுக்கிட்டுப் போறது எங்கயுமே கிடையாது. "பிளைண்ட்" ன்னா சீட்டைப் பார்க்காம ஆடுறதுன்னு நினைச்சுக்கிட்டுச் சீட்டைத் தொடாமலே உட்கார்ந்திருப்பான். இங்க பிளைண்ட் வெறும் கட்டாயக் காசு, சீட்டைத் தாராளமா பார்க்கலாம்.

புதுக்கை | மார்ச் 5, மதியம் 2.10
மாமா, அந்த சேக்காளி நிஜமாவே வர்றான். காலேஜ் கூட்டாளி, வண்டி ஓட்டிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து வர்றான். ரெண்டு பேரும் ஒரே மேசையில உட்காரலாமா? தமிழ்ல பேசிக்கிட்டா எவனுக்கும் புரியாது.

இஸ்பேட் ராணி | மார்ச் 5, மதியம் 3.30
அதனால்தான் அந்த விதியே இருக்கிறது. கை நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும். ஒரே மேசையில் உட்காரத் தடையில்லை. ஆனால் சீட்டு கையில் இருக்கும்போது தமிழில் "டேய், விட்டுரு" என்றால்கூட டீலர் எச்சரிப்பார், தொடர்ந்தால் கையைச் செல்லாததாக்கவும் செய்யலாம். ஒரு கைக்கு ஒரே ஆள் என்பது தனி விதி. மடக்கிவிட்டவர் அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்த்து யோசனை சொல்லக் கூடாது. அவருக்குக் காட்டினால் மேசையில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

இருவரும் மட்டும் கடைசிவரை மிஞ்சி, "நண்பன்தானே" என்று செக்-செக் என்று போய்விடுவதும் மற்றவர்களுக்குப் பிடிக்காது. ஒரே பணத்தை இருவர் பங்குபோட்டு ஆடுகிறார்கள் என்ற சந்தேகம் வரும். வேறு வேறு மேசை கேளுங்கள், நிம்மதி.

போன்: பல ரூம்களில் கையில் சீட்டு இருக்கும்வரை தொடக் கூடாது. அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசுங்கள். மேசையைப் படம் எடுக்காதீர்கள்.

ஆறாம் இருக்கை | மார்ச் 5, இரவு 9.00
பாட் கணக்கு. நோ லிமிட்ல "பாட்ல எவ்வளவு?" ன்னு கேட்டா டீலர் எண்ணிச் சொல்ல மாட்டார், சிப்பைக் கொஞ்சம் பரப்பிக் காட்டினாலே பெருசு. எதிராளியோட பெட் எவ்வளவுன்னு உங்க முறையில கேட்டா எண்ணிச் சொல்லுவார். பாட்டை நீங்கதான் மனசுல கூட்டிட்டே வரணும்.

எப்படின்னா, ஒருத்தர் 15-க்கு ஏத்துறார், ரெண்டு பேர் கால், பிளைண்ட் ரெண்டு பேரும் மடக்கிட்டாங்க. 15 × 3 = 45, செத்த பிளைண்ட் 4, மொத்தம் 49. அதுல ரூமோட பங்கு போகும், ஏறக்குறைய 43-ன்னு வைச்சுக்குங்க. ஃபிளாப் விழும்போது "நாப்பத்திமூணு" ன்னு மனசுல ஒரு தடவை சொல்லிக்கணும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுலயும் வந்ததைக் கூட்டுங்க. வீட்ல சீட்டும் சோழியும் வெச்சு ஒரு மணி நேரம் பழகினா வந்துடும். இது இல்லாம உங்க பாட் ஆட்ஸ் எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

ரூமோட பங்கு ரேக். பாட்டுல 10 சதவீதம், உச்சவரம்பு 5 டாலர்னு பல இடத்துல. அதோட ஜாக்பாட்டுக்குன்னு தனியா 1 அல்லது 2 டாலர் துளைக்குள்ள போகும். ஃபிளாப் வரலைன்னா ரேக் இல்லை. ஜெயிச்சா டீலருக்கு 1 டாலர் டிப் வழக்கம். பானம் இலவசம், கொண்டுவர்றவங்களுக்கு 1 அல்லது 2 டாலர்.

சின்னத் தொகைன்னு நினைக்காதீங்க. மணிக்கு 30 கை, ஒன்பது பேர், ஆளுக்கு மூணு கைக்குக் கொஞ்சம் மேல ஜெயிப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ரேக், ஜாக்பாட், டிப் எல்லாம் சேர்த்து 8 டாலர் போனா, மணிக்கு 24-க்கு மேல உங்க பக்கத்துல இருந்து மட்டும். எல்லாப் பாட்டும் உச்சவரம்பைத் தொடாது, அதனால நிஜத்துல குறையும். ஆனா சும்மா சமமா ஆடினா நஷ்டம்தான்னு தெரிஞ்சுக்கிட்டு உட்காரணும்.

புதுக்கை | மார்ச் 6, காலை 7.40
மணிக்கு வெறும் 30 கையா? போன்ல அதை விடப் பல மடங்கு ஆடுவேன்.

இஸ்பேட் ராணி | மார்ச் 6, காலை 9.15
அதுதான் புதியவரைக் கவிழ்க்கும் இடம். கணக்குப் பாருங்கள். ஜோடி ஏஸ் 221 கைக்கு ஒரு முறை. 30 கை வீதம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் சராசரிதான். எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு முறைகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஏஸ்-கிங் 83-க்கு ஒன்று. ஏதோ ஒரு ஜோடி 17-க்கு ஒன்று, அதாவது அரை மணிக்கு ஒன்று. அந்த ஜோடி ஃபிளாப்பில் மூன்றாவது சீட்டைப் பிடிப்பது எட்டரைக்கு ஒரு முறை.

ஆக, ஒரு மணி நேரம் தொடர்ந்து மடக்குவது துரதிர்ஷ்டம் இல்லை, இயல்பு. நாற்பதாவது நிமிடத்தில் "ஜாக்கி-ஏழு, ரெண்டும் இஸ்பேட், பார்ப்போமே" என்று 15 டாலர் கொடுக்கும்போதுதான் மேசை உங்களைத் தின்னத் தொடங்குகிறது.

மூணுசீட்டு மாமா | மார்ச் 6, காலை 9.50
ஜாக்கி-ஏழு இஸ்பேடைப் பழிக்கிறது யாரு, இஸ்பேட் ராணியா!

ஆறாம் இருக்கை | மார்ச் 6, மாலை 6.20
மடக்குறதுலயும் முறை இருக்கு. உங்க முறை வர்றதுக்கு முன்னாடி மடக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி ஆட வேண்டியவருக்கு அது இலவசத் தகவல், மத்தவங்க குதிப்பாங்க. சீட்டைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிக்காதீங்க, மேசையில வைச்சபடியே ரெண்டு கையால மூடி ஓரத்தை மட்டும் நிமிர்த்திப் பாருங்க. பார்த்ததும் மேல ஒரு சிப்பை வையுங்க. சும்மா கிடக்கற சீட்டை டீலர் மடக்கினதா நினைச்சு வாரிட்டா திரும்பக் கிடைக்காது. டீலருக்குப் பக்கத்துல இருக்கற முதல் இருக்கை, ஒன்பதாவது இருக்கைக்காரங்களுக்கு இது அடிக்கடி.

இஸ்பேட் ராணி | மார்ச் 6, இரவு 8.45
இனி ஷோடவுன், கடைசியில் சீட்டைக் காட்டும் கட்டம். இங்கே போகும் பணம் முழுப் பாட்.

கடைசிச் சுற்றில் பெட் வைத்தவர் முதலில் காட்ட வேண்டும். யாரும் பெட் வைக்கவில்லை என்றால் பட்டன் என்ற டீலர் வில்லைக்கு இடப்பக்கத்தில் இருந்து வரிசை. வரிசைக்குக் காத்திருக்க விருப்பமில்லையா, நீங்களே திருப்பிப் போடலாம். இரண்டு சீட்டையும் முகம் மேலாக, மேசையில். பாட் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை டீலரிடம் சீட்டை விடாதீர்கள்.

எதிராளி வாயால் "ஃபிளஷ்" என்கிறார். நீங்கள் மூன்று ராஜாவைக் கவிழ்த்துத் தள்ளிவிடுகிறீர்கள். அவர் திருப்பினால் நாலு டைமன், ஒரு ஆட்டீன். தவறாகப் படித்திருக்கிறார். உங்கள் சீட்டு குப்பையில் கலந்துவிட்டது, பாட் அவருக்கு. சீட்டு பேசும், வாய் பேசாது என்பது விதி. ஆனால் கவிழ்த்த சீட்டு பேசாது.

மேசையில் இருக்கும் ஐந்தே பெரிய கை, பாட் பங்கு என்று நினைக்கிறீர்களா? அப்போதும் உங்கள் இரண்டு சீட்டையும் காட்டினால்தான் பங்கு.

ஜெயித்துவிட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் உடனே காட்டுங்கள். எதிராளி தான் ஜெயித்ததாக நினைத்துக் கையை நீட்டும்வரை வைத்திருந்து காட்டுவது விதிமீறல் இல்லை, ஆனால் அதன்பிறகு மேசையில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

புதுக்கை | மார்ச் 7, காலை 6.55
உண்மையிலேயே பயம் வந்துடுச்சு. 300-ஐ எடுத்துட்டுப் போய் முழுசா கொடுத்துட்டு வருவேன் போல.

இஸ்பேட் ராணி | மார்ச் 7, காலை 8.30
300 எதற்கு? 100-உடன் உட்காருங்கள். 33 பெரிய பிளைண்ட். பெரும்பாலான முடிவுகள் ஃபிளாப்புக்கு முன்னும் ஃபிளாப்பிலுமே முடிந்துவிடும்.

ஆறாம் இருக்கை | மார்ச் 7, காலை 9.40
ஒத்துக்க மாட்டேன். 100-ல ரெண்டு தடவை 15 கால் பண்ணி விட்டாலே 70. அப்புறம் நல்ல கை வந்தாலும் கறக்க ஒண்ணும் இல்லை. கத்துக்கறதும் இல்லை.

ஆறாம் இருக்கை | மார்ச் 7, மதியம் 12.15
மறுபடியும் யோசிச்சேன். அவர் கத்துக்க வேண்டியது ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) முடிவுகள் இல்ல, சிப் வைக்கிறதும் பாட் கூட்டுறதும்தான். அதுக்கு 100 போதும். ஒரு திருத்தம் மட்டும்: இன்னொரு 100-ஐ ரூம்ல வைச்சுட்டு வாங்க, பர்ஸ்ல வேண்டாம். கேசினோ ஏடிஎம்ல கட்டணமும் கூட, ஆசையும் கூட.

ஸ்ட்ராடில் பத்தி ஒரு வரி. பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் சீட்டு பார்க்கறதுக்கு முன்னாடியே 6 வைப்பார், அது விருப்பம்தான். வைச்சா அந்தக் கையில கால் பண்ணவே 6. உங்க 100 அப்ப 33 பிளைண்ட் இல்ல, 17-க்கும் கம்மி. எல்லாரும் சுற்றி வைக்கிற மேசையா இருந்தா வேற மேசை கேளுங்க, தப்பில்லை.

மூணுசீட்டு மாமா | மார்ச் 7, இரவு 7.30
அவ்ளோ தூரம் போறவர், போக்கர் உலகப் போட்டி (வேர்ல்டு சீரிஸ்) நடக்கற ஹார்ஸ்ஷூ கேசினோவைப் பார்க்காம வரலாமா? 1970-ல ஆரம்பிச்ச அதே கட்டடம்!

இஸ்பேட் ராணி | மார்ச் 7, இரவு 8.10
அதே கட்டடம் இல்லை மாமா. 1970-இல் நடந்தது டவுன்டவுனில், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில். 2005-இல் ரியோ கேசினோவுக்கு நகர்ந்தது. 2022 முதல் ஸ்டிரிப் என்ற கேசினோ வீதியில் பாரிஸ், ஹார்ஸ்ஷூ என்ற இரண்டு கேசினோக்களிலும். இப்போதைய ஹார்ஸ்ஷூ அதுவரை பாலிஸ் என்ற பெயரில் இருந்தது. போட்டி மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை. ஏப்ரலில் போகிறவருக்கு அந்தக் கூட்டம் இல்லை, மேசை சுலபமாகக் கிடைக்கும்.

புதுக்கை | மார்ச் 8, காலை 7.05
கடைசிச் சந்தேகம். எழுந்து வர்றது எப்படி? ஜெயிச்சுட்டு உடனே கிளம்பினா முறைப்பாங்களா?

ஆறாம் இருக்கை | மார்ச் 8, காலை 8.20
யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். உங்க பெரிய பிளைண்ட் வர்றதுக்கு முந்தின கை மடக்கினதும் எழுந்தா அந்த 3 டாலரும் மிச்சம். சிப் நிறைய இருந்தா ஒரு ரேக் தட்டு கேளுங்க, நூறு சிப் பிடிக்கும். பாட்ல எடுக்கற ரேக் வேற, இந்தத் தட்டு வேற, பேர் மட்டும் ஒண்ணு. நேரா கேஷியர் ஜன்னலுக்குப் போய் மாத்திடுங்க. "நாளைக்கு வருவோம்" னு பாக்கெட்ல போட்டுக்கிட்டா அடுத்த கேசினோவில் அது செல்லாது.

குளிருக்கு முழுக்கைச் சட்டை எடுத்துட்டுப் போங்க. ஏசி எலும்பு வரைக்கும் இறங்கும், நடுங்குற கையைப் பார்த்துட்டு ஜோடி ஏஸ்னு எல்லாரும் மடக்கிடுவாங்க.

மூணுசீட்டு மாமா | மார்ச் 8, காலை 8.40
அப்ப இருக்கறதுலயே மட்டமான ரெண்டு-ஏழு வந்தா சட்டையைக் கழட்டிடுங்க தம்பி.